வேரில் பூத்த பூவும் நான் சொன்ன சொல்லும்

என் மனசுக்குள் இன்னும் மலையேறிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை தங்கராசுக்கு,

இங்கே ஆளாளுக்குச் செல்போன் வந்துவிட்டது. நீ இருந்தால், உன் அக்காவிடம் பேச அமராவதி நகர் டெலிபோன் பூத்தில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

வனக்காவலர் வேலை கிடைக்கும்வரை மூன்று வருஷம் எங்கள் வீட்டில் சும்மாதான் இருந்தாய். வேலையில் சேர்ந்ததும் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு பெரிய மரத்தடியில் சருகை விலக்கிக் காட்டினாய். இலையில்லை, பச்சை துளியுமில்லை. ஈரமண்ணில் பீட்ரூட் நிறத்தில் குண்டுகுண்டாகப் பூக்கள்.

"இதுக்குச் சொந்தமா ஆக்கித் திங்கத் தெரியாதுங்க மாமா. மரத்து வேர்ல ஒட்டிக்கிட்டுப் பொழைக்குதுங்க."

"உன்னையாட்டவா?" என்றேன். என் வாயில் சனி.

"ஆமாங்க" என்று சிரித்தாய். ஆனால் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயப்பட்டறைக்காரன் புத்தி என்னை விடுமா? நல்ல நிறம் எங்கே கண்டாலும் பையிலிருக்கும் கத்தரிக்கோலால் ஒரு துண்டு நறுக்கிக் கொண்டுபோய் மேட்ச் செய்து பார்க்கிற பழக்கம். ஒரு பூவை முறித்துக் கைக்குட்டையில் சுற்றினேன். "வேண்டாங்க மாமா, மரத்த உட்டா நிக்காதுங்க" என்றாய். வீட்டில் வந்து பிரித்தால் கறுத்துக் கிடந்தது.

அந்தச் சொல்லுக்கு அடுத்த மழைக்கு அது பூக்கும்போது நேரில் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். காய்ச்சல் முந்திக்கொண்டு உன்னைக் கொண்டுபோய்விட்டது. நீ இல்லாத வீட்டில் உன் அக்கா உப்புப் பார்க்கச் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தும் நாளாகிறது. யாரை ஒட்டி யார் பிழைத்தோம், மாப்பிள்ளை?

போன வாரம் அனுமதி வாங்கிக்கொண்டு, உன்னோடு வேலை பார்த்தவருடன் போனேன். அதே மரம், புதுப் பூக்கள். இந்தமுறை பறிக்கவில்லை. பட்டறையிலிருந்து சாயத்துணித் துண்டுகளைக் கொண்டுபோய், மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பூவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று ஒத்துப்போனது.

அதை உன் அக்காவிடம் கொடுத்தேன். "ஏனுங்க, இதென்ன கலரு?" என்றாள். அன்று நான் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். வெகுநேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே பூத்துல இருந்து கூப்பிட்டுச் சொன்னானுங்க" என்றாள். "'மாமா என்னையப் பூவுன்னுட்டாரு, அக்கா'ன்னு ஒரே சிரிப்புங்க."

அடுத்த மழைக்கு அவளையும் கூட்டிவருகிறேன். கத்தரிக்கோலை வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.

உன்னை விட்டு நிற்கத் தெரியாத,
உன் அக்கா வீட்டுக்காரன்