முதுகுக்குப் பின்னால் ஆட்டம்

ஆகஸ்ட் 4, திங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். விளையாட்டு மேலாண்மை படிக்க வந்திருக்கும் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு யாராவது பேச வேண்டும் என்று துறைத் தலைவர் சொன்னதும் வகுப்பே குனிந்துகொண்டது. நான் மட்டும் என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். கேட்டவளே பேசட்டும் என்றுவிட்டார். 22ஆம் தேதி.

பேசுவதற்கா பஞ்சம்? இரண்டாமாண்டுக்குள் கால் வைத்ததுமே எனக்கு அறிவுரை ஊற்றெடுக்கிறது. கணக்கியல் வகுப்பைக் கட் அடிக்காதே. 'எனக்கு விளையாட்டுன்னா உயிர்' என்று நேர்காணலில் சொல்லாதே, எதிரே இருப்பவருக்கும் அதுதான் உயிர். வீரர்களோடு செல்ஃபி எடுக்க வந்திருந்தால் இப்போதே வேறு துறைக்கு மாறிவிடு. மைதானத்தில் கிடைக்கிற எந்த வேலையையும் செய், நாற்காலி துடைப்பது உட்பட. இதையெல்லாம் நான் செய்கிறேனா? பெரும்பாலும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கால்பந்து அரையிறுதி. அக்கா கோல் அடிக்க, நான் கூட்டம் பார்க்க. வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ச்சே.

கோலுக்குப் பின்னால் இருக்கிற கேலரியில் எனக்கு வாலண்டியர் வேலை. மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு படிக்கட்டின் அடியில் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஆட்டத்துக்கு முதுகு. இந்த வேலையின் முதல் விதியே அதுதான். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

கடைசி நேரத்தில் பெனால்ட்டி. அக்காதான் அடிக்கிறாள் என்று கூட்டம் கத்தியது. திரும்பிவிட்டேன். கோல்! ஜாக்கெட்டோடு குதித்தேன். அதற்குள் மேலே இருந்தவர்கள் படியில் ஓடி வந்திருக்கிறார்கள், நிறுத்த ஆளில்லை. ஒரு அம்மா தடுமாறி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. பாவம், அவர் என்னைத் திட்டக்கூட இல்லை.

பாதுகாப்புப் பொறுப்பாளர் மேடம் ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னார். "மேட்ச் பாக்க வந்தியா, வேல பாக்க வந்தியா? முடிவு பண்ணிட்டு வா." இந்தத் தொடரை முழுசாக முடித்தால்தான் ஸ்டேடியத்தில் பயிற்சி வேலை. போச்சு. என்ன புத்தி எனக்கு? அரை நிமிஷம் அடக்கிக்க முடியலையா?

ஆகஸ்ட் 11, திங்கள்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் குதித்ததைக் கேட்டுச் சிரித்தாள், அந்த அம்மா விழுந்ததைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு அவளிடம் குடும்பத்துக்கென்று இரண்டு பாஸ் இருக்கிறது. "ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு உனக்கு. நிம்மதியா உக்காந்து பாரு, யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேடத்தைப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு எலும்பு முறிவு இல்லையாம்; மூச்சு வந்தது. இறுதி ஆட்டத்துக்கு வேலை கேட்டேன். அக்கா ஆடுகிறாளே என்றார். ஆமாம் என்றேன்.

"அதே படிக்கட்டுதான் தருவேன்."

"அதத்தான் மேடம் கேக்க வந்தேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். திரும்பாமல் நிற்க முடியுமா?

ஆகஸ்ட் 14, வியாழன்

என் பாஸை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். திருப்பிக் கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அதே படிக்கட்டு. அம்மாவும் அப்பாவும் கேலரியில் எனக்கு நேர் எதிரே. ஆட்டம் முழுவதையும் அவர்கள் முகத்தில்தான் பார்த்தேன். அம்மாவை நம்ப முடியாது. எதிரணி கோலுக்கும் எழுந்து கைதட்டினாள். அப்பா புடவைத் தலைப்பை இழுத்து உட்கார வைத்தார். நாம் பின்தங்கியது அப்படித்தான் தெரிந்தது. பிறகு இருவரும் சேர்ந்து குதித்தார்கள். சமன்.

கடைசியில் கேலரியே கப்சிப் ஆனது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏம்மா, திரும்பிப் பாரு, அந்தப் பொண்ணு விழுந்துட்டா," என்றார் முன்வரிசைக்காரர். எந்தப் பொண்ணு? அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அக்காதான். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இரண்டு பேர் படியில் இறங்க வந்தார்கள். உட்காருங்கள் என்றேன், குரல் நடுங்காமல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கட்டைவிரலை உயர்த்தினார். எழுந்துவிட்டாள்.

அப்புறம் வந்த இரைச்சலை எழுத வரவில்லை. மொத்தக் கூட்டமும் படியை நோக்கி அசைந்தது. கைகளை விரித்தேன். "யாரும் எறங்காதீங்க. நின்ன எடத்துலயே கொண்டாடுங்க."

கொண்டாடினார்கள். ஒருவரும் விழவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மேடம் போன் செய்தார். அடுத்த மாதம் முதல் பயிற்சி வேலை. ஜாக்கெட்டைத் திருப்பித் தர வேண்டாமாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுதி வைத்த அறிவுரையில் பாதிதான் சொன்னேன். பிறகு எல்லாரையும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரச் சொல்லி, அவர்கள் முதுகுக்குப் பின்னால் திரையில் இறுதி ஆட்டத்தைச் சத்தத்தோடு ஓடவிட்டேன். திரைக்கும் அவர்களுக்கும் நடுவே, நானும் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அந்த ஆட்டத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லை. வீட்டில் அக்கா அந்த வீடியோவைப் பத்து தடவை போட்டபோதும் எனக்கு வேறு வேலை இருந்தது. திரும்பாமல் இருப்பதுதான் இந்த வேலை என்றேன், சிரித்தார்கள். முதல் ஆரவாரத்துக்கே பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். திட்டவில்லை. அரையிறுதியில் நான் திரும்பியதையும் அதனால் ஒருவர் விழுந்ததையும் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் திரும்பவில்லை.

பிள்ளைகள் போன பின் புரொஜெக்டரை அணைக்க உதவியாளர் வந்தார். கடைசிக் கோல் வரப்போகிறது, பார்த்துவிட்டுப் போ என்றார். உட்கார்ந்தேன். அக்கா நொண்டிக்கொண்டே ஓடி வந்து அடிக்கிறாள். பந்து வலைக்குள். வலைக்குப் பின்னால் கேலரி மொத்தமும் எழுந்து நிற்கிறது. படிக்கட்டின் அடியில் ஒரு மஞ்சள் முதுகு, இரண்டு கையையும் விரித்தபடி.

"யாரு அது? இந்த நேரத்துலகூட திரும்பல," என்றார் உதவியாளர்.

"நான்தாங்க."