விலை இறங்கும் என்று எழுதியவருக்கு

எருமப்பட்டி,
ஞாயிறு.

அன்புள்ள கனிஷ்கா அப்பாவுக்கு,

தனப்பிரியா எழுதுவது. சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உங்கள் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் உங்கள் மகள் சத்தமாகப் படித்துவிடுகிறாள். அதனால்தான் புனே வரும் உங்கள் சித்தப்பா மகன் கதிரிடம் முறுக்கோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

பத்து வருடத்தில் சென்சார் சந்தை எப்படி இருக்கும் என்று கம்பெனிக்கு அறிக்கை எழுதினீர்களே, அதை அப்பாவுக்கு விளக்கிச் சொன்ன நேரம் என்ன நேரமோ. கோழிப்பண்ணைக்கெல்லாம் அம்மோனியா சென்சார் வந்துவிடும், காற்று கெட்டால் போனுக்குச் செய்தி வரும், எல்லோரும் வாங்க வாங்க இரண்டு வருடத்தில் விலை பாதியாகும் என்றீர்கள். அவர் அதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். இப்போது இந்தப் பக்கம் ஒருவரும் வாங்குவதில்லை, பாதி விலைக்கு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். யாருமே வாங்காவிட்டால் விலை எப்படி இறங்கும்? இவ்வளவு படித்தவருக்கு இது தோன்றவில்லையா?

நம் குஞ்சு ஷெட்டுக்கு ஒன்று வாங்கலாம் என்று நானும் கேட்டேன். "ரெண்டு வருசம் பொறுத்துக்க சாமி. அதுவரைக்கும் உன்ற மூக்கு இருக்குதல்ல" என்றார்.

குஞ்சுகளுக்குக் குளிரக்கூடாது என்று மழை தொடங்கியதிலிருந்து படுதா இறக்கியே கிடக்கிறது. நான்தான் உள்ளே போய் முகர்ந்து பார்த்து, நெடி ஏறினால் தூக்கிவிடுகிறேன். போன வாரம் போனபோது ஒன்றும் தெரியவில்லை. காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று வந்துவிட்டேன். கண் எரிச்சல் எனக்கு எப்போதும் உள்ளதுதானே. பின்னாலேயே தீவனம் வைக்கப் போன பூவாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏனுங்கம்மா, உள்ள நிக்கவே முடியலீங்க. உங்களுக்கு நாத்தமே தெரியலீங்களா?"

குஞ்சுகள் மூலையில் குவிந்து கிடந்தன. உங்கள் அப்பா செத்ததை எல்லாம் எண்ணினார்.

நாமக்கல்லில் டாக்டரிடம் காட்டினேன். அந்தக் காற்றிலேயே இருந்து மூக்கு மரத்துவிட்டது, ஷெட் பக்கம் போகாமல் இருந்தால் சரியாகலாம், இன்னும் போனால் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். உங்கள் அப்பா இதைச் சளி என்கிறார். நேற்று கனிஷ்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து மடியில் படுத்தாள். முகர்ந்து பார்த்தேன். என் குழந்தையின் வாசம் எனக்கு வரவில்லை. அழுதேன். உங்கள் மேல் வந்த கோபத்தில்தான் அதிகம் அழுதேன்.

நான் சொன்னாலும் டாக்டர் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. உங்கள் கணிப்பு ஒன்றுதான் அவருக்கு வேதவாக்கு. அதனால் இதைப் படித்ததும் போன் செய்து, அடுத்த மாதம் சென்சார் விலை ஏறப்போகிறது, இப்போதே வாங்கிவிடுங்கள் என்று சொல்லுங்கள். கணிப்பில் பொய் கலக்கமாட்டேன் என்று நீங்கள் பெருமை பேசுவது எனக்கும் தெரியும். ஆயிரம் பொய் சொல்லி நடந்த கல்யாணம்தானே நம்முடையது. எனக்காக இன்னும் ஒன்று சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தனப்பிரியா