முதல் செட்டுக்கு ஒரு சாட்சி

சிவமயம்

தச்சநல்லூர்,
23.11.97

அன்பு மகள் மதுமதிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஸ்னேகாவும் அந்தக் கனடாக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், மழை தொடங்கியதும் அம்மாவுக்கு மூட்டுவலியும் கூடவே வந்துவிட்டது, தைலம் தேய்த்தால் பைய குறைகிறது. ஐப்பசி மழையில் குறுக்குத்துறைக் கோயிலுக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறி மூன்று நாள் கழித்துத்தான் வடிந்தது. நம் அடுப்படியில் ஒழுகிய இடத்தை உன் தம்பி சிவசங்கரன் தூத்துக்குடியிலிருந்து லீவு போட்டு வந்து சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அளவு சரியாக இருக்கிறது, ஆனால் இந்த ஊரில் அதை என்றைக்குப் போடுவது என்றுதான் தெரியவில்லை, குளிருக்கு ஆசைப்பட்டுக் குற்றாலம் போனால் போட்டுக்கொள்ளுங்கள் என்று அம்மா கேலி செய்கிறாள்.

ஸ்னேகா பள்ளிக்கூடத்தில் என் தாத்தா புரொபஷனல் டென்னிஸ் பிளேயர் என்று எழுதிக் கொடுத்ததாகவும், டீச்சர் அவர் எத்தனை கோப்பை வாங்கியிருக்கிறார் என்று கேட்டதாகவும் எழுதியிருந்தாய். படித்து நானும் அம்மாவும் சிரித்தோம். குழந்தை எழுதியது பொய்யில்லை. ஆனால் ஒரு கோப்பைகூட வாங்கவில்லை என்று டீச்சரிடம் சொல்லச் சொல். அந்தக் காலத்தில் மாதச் சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்குத்தான் புரொபஷனல் என்று பெயர், அவனைப் போட்டிகளில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். காலேஜில் நன்றாக ஆடினேன், அப்பா இறந்து சீவலப்பேரி வயலும் கையை விட்டுப் போனதும் இருபது வயதில் கிளப்பில் மார்க்கராகச் சேர்ந்தேன், அதோடு போட்டி ஆட்டம் முடிந்தது. ஆபீசர்களும் வக்கீல்களும் டாக்டர்களும் சாயந்தரம் வருவார்கள், அவர்கள் கூட ஆட வேண்டும், அவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான் வேலை. விதி மாறி எல்லோரும் எல்லாப் போட்டியிலும் ஆடலாம் என்று வந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது, அதற்குப் பிறகு எங்கே போய் ஆடுவது.

இப்போது உனக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும், ஒரு வாரமாக எழுதிக் கிழித்துப் போட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சர்ஜன் ஹரிஹரசுப்பிரமணியன் உனக்கு ஞாபகம் இருக்கும், வெள்ளைத் தொப்பி போட்டு ஆடுவாரே, அவர்தான். பம்பாயில் மகன் ஸ்ரீசரண் வீட்டில் இருந்தவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இருந்தால் என் ஊரில்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்து வண்ணார்பேட்டை வீட்டுக்கே வந்துவிட்டார், மருமகள் பத்மப்ரியா கூட இருந்து கவனித்துக்கொள்கிறாள். எழுபத்தெட்டு வயது, பேச்சு நிதானமாக வந்தாலும் தெளிவாக இருக்கிறது. போன மாதம் ஆட்டோ அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். ஹாலில் அவர் கட்டிலுக்கு எதிரே கண்ணாடி அலமாரியில் அந்தக் கோப்பை இருந்தது, எழுபத்தொன்றில் கிளப் ஆண்டுவிழாவில் மெம்பரும் மார்க்கரும் ஆடுகிற ஆட்டத்தில் என்னை ஜெயித்து வாங்கினாரே அது. மருமகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு என்னிடம், "எல்லாரும் எங்கிட்ட நன்னா இருக்கு நன்னா இருக்குன்னே சொல்றா ஓய். கை அசையவே இல்லை, அசையறதுங்கறா. யார் நெஜம் சொல்றா, யார் ஆறுதல் சொல்றான்னு எனக்குப் புரியலை. உம்மட்ட ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லும். அன்னிக்கு நீர் விட்டுக்கொடுத்தீரா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் மதி. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் அது. வேண்டுமென்றே தோற்பது சுலபம் என்று நினைக்காதே, பந்தை நெட்டில் அடித்தால் தெரிந்துபோகும், கோட்டுக்கு நாலு விரல் வெளியே விழும்படி அடிக்க வேண்டும், அடித்துவிட்டுத் தலையிலும் தட்டிக்கொள்ள வேண்டும். கிளப்பில் பழகியது வீட்டுக்கும் வந்துவிட்டது. சித்தப்பா பாகம் பிரித்தபோதும், உன் கல்யாணப் பேச்சில் பெரியவர்கள் என்னை ஓரமாக உட்கார வைத்தபோதும் நாலு விரல் வெளியே அடித்துவிட்டுச் சும்மா இருந்தேன், அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு அவர் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை. ஆமா டாக்டர், விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "போய்ட்டு வாரும்" என்றார், அவ்வளவுதான். பத்மப்ரியா கொண்டுவந்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "இத்தன வருசம் கழிச்சு ஒரு சீக்காளிட்ட போயி இதச் சொல்லணுமா, அந்த மனுசன் அந்தக் கோப்பயப் பாத்துக்கிட்டுல்லா படுத்திருக்காரு, ஒங்களுக்குக் கூறு இருக்கா" என்று கேட்டாள். எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. வண்ணார்பேட்டைப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. ஒன்பதாம் நாள் மறுபடி ஆட்டோ வந்தது. உள்ளே நுழைந்ததும் அலமாரியைத்தான் பார்த்தேன், கோப்பை இல்லை. டாக்டர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாரும் என்றும் சொல்லவில்லை, "எந்த எடத்துல ஆரம்பிச்சீர்" என்றுதான் கேட்டார். ஆளுக்கு ஒரு செட் ஜெயித்து, மூன்றாவது செட்டில் நான் நாலுக்கு ஒன்று முன்னால் இருந்தேன், பக்கம் மாறும்போது செக்ரட்டரி தண்ணீர் கொடுக்கிற சாக்கில் வந்து, "மெட்ராஸ்லருந்து ஒரு சின்ன வயசு மார்க்கர் வருதான்னு பேச்சு இருக்குவே, டாக்டர்தான் கமிட்டில பெரிய ஆளு, பாத்து ஆடும்" என்று காதில் போட்டுவிட்டுப் போனார், அதிலிருந்துதான் என்றேன். எனக்கு அப்போது நீயும் தம்பியும் இருந்தீர்கள், குடியிருந்தது கிளப் வீடு, பயந்துவிட்டேன் என்றும் சொன்னேன். டாக்டர், "அந்த ஆள் பேசினது எனக்குத் தெரியாது ஓய்" என்றார். எனக்கும் அது தெரியும் என்றேன்.

அப்புறம்தான், "மொத செட்டு?" என்று கேட்டார். அது ஆறுக்கு நாலு அவர் ஜெயித்த செட். மதி, அதில் நான் ஒரு பந்துகூட விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர் சர்வீசில் அப்படி ஒரு வேகம். கடைசிப் பந்தை அவருடைய இடப்பக்க மூலைக்கு ஆழமாக அனுப்பிவிட்டு, அடித்தால் வானத்தில்தான் அடிப்பார் என்று நான் நெட்டுக்கு ஏறினேன், ஓடிக்கொண்டே பேக்ஹேண்டில் கோட்டை ஒட்டி அடித்தார், என்னால் திரும்பிப் பார்க்கத்தான் முடிந்தது. இதை அப்படியே சொன்னேன். திரும்பச் சொல்லும் என்றார், சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டு, "இதையும் ஆறுதலுக்குச் சொல்றீரா" என்றார். நான் என்ன செய்ய. பல வருஷம் பொய்யாக ஆடியவன் ஒரு நிஜத்தைச் சொன்னால் எப்படி நம்புவார். அவரே யோசித்து, "உம்ம பொண்ணு நெட் கம்பத்தை ஒட்டி நின்னுண்டிருந்தாளே, அவ எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவள்ட்ட கேக்கறேன், நம்பர் கொடும்" என்றார்.

அவர் உன்னைச் சொன்னதும்தான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது ஒன்பது வயதில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பா, நீங்க வேணும்னுதான வெளிய அடிச்சிய" என்று கேட்டாய். கிளப் முழுக்க ஒருவருக்கும் தெரியாதது உனக்குத் தெரிந்திருந்தது. நான் கையை உதறிவிட்டு, பெரியவர்கள் ஆட்டத்தில் உனக்கென்ன தெரியும், வாயை மூடு என்று நடுத்தெருவில் அதட்டினேன். நீ அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோர்ட் பக்கமே வரவில்லை. மகளுக்கு விளையாட்டில் நாட்டமில்லை, கணக்குதான் பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், நானே அதை நம்பவும் செய்தேன். நீ பார்த்தது சரி அம்மா. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தைரியமில்லாத அப்பனாக இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

இன்னொன்றும் சொல்கிறேன். டாக்டரிடம் உண்மையைச் சொன்ன மறுவாரம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காலேஜ் கோர்ட்டில் ஒரு பாங்க் ஆபீசரோடு ஆடினேன், அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஒரு பந்தும் விட்டுக்கொடுக்காமலே ஆறுக்கு ஒன்று என்று தோற்றேன். அந்த ஒன்றை எடுக்க நாக்குத் தள்ளிவிட்டது. வீட்டுக்கு வந்து மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன் என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஸ்னேகாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடாதே, அந்த ஊர்க் காற்றுக்கு முடி வறண்டுபோகும். மாப்பிள்ளை பனியில் கார் ஓட்டும்போது அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அம்மா மிளகாய்ப் பொடியும் சுக்கும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்தால் கொடுத்துவிடுகிறோம். நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் உங்கள் மூவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் நம்பரை டாக்டரிடம் கொடுத்து, கடிதம் உன் கைக்கு வர நாள் விட்டுத் தேதியும் பேசிவிட்டேன். மறந்துவிடாதே, டிசம்பர் பதினாலு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் காலை எட்டு மணிக்கு டாக்டர் போன் செய்வார். முதல் செட்டைப் பற்றிக் கேட்பார். எனக்காகவும் ஒரு சொல் கூட்ட வேண்டாம், அவருக்காகவும் கூட்ட வேண்டாம். பார்த்தது நினைவிருந்தால் பார்த்ததைச் சொல், நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல். இந்தத் தடவை உன்னை யாரும் அதட்ட மாட்டார்கள்.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா,
சிவசண்முகம்