கூடாரத்துக்கு ஒரு பூட்டு

பூமாரி,

இந்தக் காலத்து ஆளுகளுக்கு வீட்டுல இருக்கதுன்னா வேப்பங்காயாக் கசக்கு. டீச்சரம்மா வந்து சிரிச்சுப் பேசினதும், மாமனாரை ஒரு வார்த்தை கேக்காம, பத்து வயசுப் புள்ள பேராச்சியைப் பவாய் ஏரிக்கரையில கூடாரத்துல படுக்க அனுப்பிட்ட. கேட்டா, "லீவுக்குப் பொம்பளைப் புள்ளைகளுக்குன்னே கேம்ப் மாமா, காத்தாட இருந்துட்டு வரட்டும்"ங்குத. அந்தக் காட்டுல சிறுத்தை நடமாடுதுன்னு பால் ஊத்துத இந்திக்காரப் பையா சொல்லுதான். அதுவும் காத்தாடத்தான் வரும்.

உன்கூடப் பேச்சு இல்லைன்னுதான் எழுதி வைக்கேன். ராத்திரி கண்ணு மூடலை. வாசக்கதவுத் திண்டுக்கல் பூட்டைக் கழத்திட்டேன். பேராச்சி படுக்குத கூடாரத்துல மாட்டி, சாவியை அவ கையில குடுத்துட்டு வாரேன். நீ தண்ணிக்கோ ரேஷனுக்கோ போனா பக்கத்து வீட்டுச் செல்லக்கனியை வாசல்ல உக்கார வச்சுட்டுப் போ. எம் மவன் நெல்லையப்பன் தோல் கிடங்கு வேலை முடிஞ்சு வந்தா, பானையில பழைய சோறு இருக்கு. நான் எங்க போனேன்னு சொல்லாத. கேட்டா சிரிப்பான்.

மாமா

இன்னும் ரெண்டு வரி. செருப்பு மாட்டும்போது செல்லக்கனி கேக்கா, "கூடாரம் துணிதான அண்ணாச்சி, பூட்டை எதுல மாட்டுவீய?" துணியைக் கட்டுத கயிறு இருக்கும்லா, அதுல மாட்டுதேன்.

ஆம்பளையை உள்ள விட மாட்டாவளாம். பூட்டை டீச்சரம்மாட்டக் குடுத்து மாட்டச் சொல்லிட்டு, ரோட்டுல நின்னு பாப்பேன். புள்ள அழுதா ஒருத்தரையும் கேக்காமக் கூட்டிட்டு வந்துருவேன். விளையாடிக்கிட்டு இருந்தா கூப்பிட மாட்டேன். அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிராது. வண்டிக்கு நேரமாச்சு, சயான் ஸ்டேஷனுக்கு நடக்கேன்.