அண்ணனுக்கு ஏற்ற சிக்னல்

இங்கே பாருங்கள்,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

உங்கள் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். கூடப் பிறந்தவருக்கு இது தெரியாதா? தெரிந்தே நம் பொம்மை ரயிலுக்கு விளக்கு சிக்னல் வாங்கினீர்கள். அவர் ஓட்டிய வண்டி முட்டியதும் எல்லார் முன்னாலும், "ஏண்ணே, கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று சிரித்தீர்கள். மனுஷன் சாப்பிடாமலே போய்விட்டார்.

விளக்குகளைக் கடையில் திருப்பிக் கொடுத்து, கைகாட்டி மரம்போல் கை ஏறி இறங்கும் சிக்னல்களாக மாற்றி வாங்கி வந்திருக்கிறேன். நிறம் பார்க்கவே வேண்டாம். மேசைமேல் இருக்கின்றன. நாலு மணிக்கு அவர் வருவார். நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டேன். அதற்குள் பொருத்திவிடுங்கள்.

நிஜ ரயில் ஓட்டப் போனவரைக் கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பினார்கள். நம் வீட்டிலிருந்துமா அனுப்ப வேண்டும்?

பி.கு.: மன்னிப்பை நீங்களே கேளுங்கள். அதையும் என் தலையில் கட்டாதீர்கள்.