கணுவுக்கு நடுவே ஒரு வெட்டு

போஸ்கூப்,
2 ஜூன் 1986

அன்புள்ள ஹார்மன்,

நலம்தானே? நீ டென்மார்க் நாற்றுப்பண்ணை வேலைக்கென்று என்னை விட்டுப் போய் மூன்று வருஷம். நம் வீட்டைத் தனியாகக் கட்டி மேய்க்க முடியவில்லை, விற்றுவிட்டேன். செப்டம்பர் ஒன்றாம் தேதி சாவி கைமாறும். வாங்குபவர் பின்சுவரைப் பார்த்து, "இந்தக் கொடி என்னத்துக்கும்மா? சுவரோட சேத்து இடிச்சுத் தள்ளிடலாம்" என்கிறார். நீயே மகரந்தம் கலந்து, விதை போட்டு வளர்த்த நீலப்பூக் கொடி, உன் கிளெமாட்டிஸ். இந்த ரகம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அவ்வளவு வயசான கொடியைப் பெயர்த்து நட்டால் பிழைக்காது. அதனால் நேற்றே நாற்பது குச்சி வெட்டி நட்டுவிட்டேன். எத்தனை ரோஜாவை வேர் பிடிக்க வைத்தவள் நான்! நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் மனைவி (இன்னும்தான்),
ரின்ஸ்கே

ஓடென்ஸ,
9 ஜூன்

அன்புள்ள ரின்ஸ்கே,

தூக்கம் போயே போய்விட்டது. ரோஜா மாதிரி கணுவுக்கு அடியில் வெட்டினாயா? போச்சு, அழுகிவிடும். கிளெமாட்டிஸை இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்ட வேண்டும். மேல்கணுவில் ஒரே ஓர் இலை போதும், மற்றதைக் கிள்ளிப் போடு. உனக்கு இது சரிப்படாது. லீவு போட்டு நானே வரட்டுமா? கொடிக்காகத்தான்.

ஹார்மன்

போஸ்கூப்,
20 ஆகஸ்ட்

அன்புள்ள ஹார்மன்,

நீ சொன்னபடியே நாற்பதும் அழுகின. ஒரு மூச்சு அழுதுவிட்டு, மறுபடி நாற்பது வெட்டினேன், கணுவுக்கு நடுவில். ஹெரிங் மீன் வந்த கண்ணாடி ஜாடிகளைக் கழுவி, ஈரம் காயாமலிருக்கக் குச்சிகள் மேல் கவிழ்த்து மூடினேன். முப்பத்தொன்று வேர் பிடித்துவிட்டது! நீ இருந்த காலத்தில் வேறெந்தக் கொடியிலாவது நாற்பதுக்கு இருபதைத் தாண்டியதுண்டா? எல்லாவற்றுக்கும் ஈரப்பாசி சுற்றி, பெட்டியில் போட்டு உனக்கே அனுப்பிவிட்டேன். எனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று வருஷமாக எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் நீ கொடியைத்தான் விசாரித்தாய். எனக்கு வலித்தது, ஹார்மன். இனி அதைச் சாக்குச் சொல்லி நீ வர முடியாது, அது உன்னிடமே இருக்கிறது. என்னைப் பார்க்க வருவதானால் அப்படியே எழுது. இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொள்வோம்.

ரின்ஸ்கே

ஓடென்ஸ,
27 ஆகஸ்ட்

ரின்ஸ்கே,

பெட்டி வந்தது. நான் பிரிக்கவில்லை. அப்படியே பக்கத்துத் தோட்டக்காரரிடம் கொடுத்து, "நீங்களே நட்டுடுங்க, நான் ஊருக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உன் கொடியை நான் நடுறதா? உடம்புக்கு எதுவும் இல்லியே?" என்றார்.

சனிக்கிழமை வருகிறேன். உன்னைப் பார்க்க.

ஹார்மன்