கற்றாழை இருந்த இடம்

4 மார்ச், செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. தல்லாகுளம் ஆபீசில் ஃபேன் ரிப்பேர். விமான நிலையத்தின் இருபது வருடத் திட்டத்துக்கு நில வரைபடம் போடும் வேலை. வேறு சர்வேயரே இல்லாத மாதிரி என் தலையில்.

தாசில்தார் மேசையில் படத்தை விரித்து விளக்கினார். பெரிய விமானம் இறங்க வேண்டுமென்றால் ஓடுபாதை நீள வேண்டும். "மேக்க கண்மாய். அம்புட்டுத் தண்ணிய எங்க கொண்டுபோய் ஊத்துறது? கிழக்கதான் போயாகணும். அங்க வெறும் தரிசு."

கணக்கில்தான் தரிசு. அது எங்கள் ஊர் இடுகாடு. போன ஐப்பசியில் என் மனைவி வள்ளியைப் புதைத்தது அங்கே.

"சார், அது மயானம்."

"அப்படியா? ரெக்கார்டுல இல்லையே. சரி, எந்தக் குழி யாரோடதுன்னு குடும்பத்துக்காரங்க காட்டட்டும். வேற இடத்துக்கு மாத்த ஏற்பாடு பண்ணலாம். அடுத்த செவ்வாய் நானே வர்றேன்."

நல்ல மனிதர். காட்டிவிடலாம். எங்கள் ஆட்கள் சமாதிக்குக் கல் வைப்பதில்லை, தலைமாட்டில் கற்றாழை நடுவோம். வள்ளிக்கு நட்டது, தலையில் தேய்க்க அவளே பின்வாசலில் வளர்த்ததில் ஒரு கன்று.

அரிசி வாங்க மறதி. மகள் செல்விக்கு மறுபடி உப்புமா. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள்.

5 மார்ச், புதன்

வள்ளியின் அண்ணன் கருப்பையா மச்சான் வந்தார். தாசில்தார் வருவதைச் சொன்னேன்.

"முள்ளு மண்டிக் கெடக்கே மாப்ள. அத மயானம்னு எவன் நம்புவான்? ஊர்ல சொல்லி நான் பாத்துக்கிறேன். நீ கவலப்படாத."

எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்கவில்லை. இப்போதெல்லாம் எதையும் கேட்கத் தோன்றுவதில்லை.

செல்விக்குப் பரீட்சை நெருங்குகிறது. பேனா, ஸ்கேல் வாங்க வேண்டும். கேஸ் சிலிண்டர் பதிவு. சைக்கிள் டியூப்.

9 மார்ச், ஞாயிறு

துணி துவைத்தேன். வள்ளியின் நீலச் சேலை இன்னும் கொடியில். மடித்து வைக்கக் கை போகவில்லை. மற்றத் துணியோடு அதையும் நனைத்து மறுபடி காயப்போட்டேன்.

டவுனுக்குப் போகும்போது பஸ்ஸில் ஒருவன்: "ஏர்போர்ட் பெருசாயிருச்சுன்னா சிங்கப்பூருக்கு இங்கனயே ஏறிக்கிறலாம்ணே." கண்டக்டர்: "மொதல்ல பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குச் சில்லறைய எடு." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள். அழுகை இல்லை. பசியும் அவ்வளவாக இல்லை.

11 மார்ச், செவ்வாய்

தாசில்தாரோடு ஜீப்பில். காலையிலேயே அனல். இறங்கியதும் எனக்கு இடமே புரியவில்லை.

முள் இல்லை. மேடு இல்லை. சிவந்த மண், அதன் மேல் பொக்லைன் ஓடிய தடம். ஓரமாகப் பெரிய முள் குவியல். அதற்குள் வேர் மேலே தெரியக் கற்றாழைகள்.

ஊரே வெள்ளை வேட்டி கட்டி நின்றது. மச்சான் கையில் மாலை. "வாடகைக்கு வண்டி எடுத்துட்டோம் மாப்ள. பாரு, கல்யாண மண்டபம் மாதிரி இருக்குல்ல?"

தாசில்தாருக்குச் சந்தோஷம். "சமமா இருக்கே. மண்ணடிக்கிற வேலை மிச்சம்." கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார். "சரி, அவங்கவங்க குழியக் காட்டுங்க."

யாரும் நகரவில்லை. மச்சான் மட்டும் விறுவிறுவென்று நடந்தார். நின்றார். இன்னொரு பக்கம் போனார். "இங்ஙனதான..." அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மாலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, நீ அளக்குறவன்ல? ஒனக்குத் தெரியும்ல?"

தெரியாது. ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவன், வள்ளி கிடக்கும் இடத்துக்கு டேப் பிடிக்க நினைக்கவில்லை. பெண்டாட்டி சமாதியை யார் அளப்பார்கள்? மச்சான் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தாசில்தார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ரோட்டோரம் புது இடம் தருவாராம். ஆளுக்கொரு பிடி மண் எடுத்துப் போய் அங்கே போட்டுக்கொள்ளலாமாம். ஞாயிற்றுக்கிழமை.

மதியம் தயிர்சாதம். முழுதும் சாப்பிட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. செல்வியை வர வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. வள்ளியின் நீலச் சேலையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக் கொண்டுவந்தாள், மண்ணை முடிந்துகொள்ள.

எல்லோரும் ஓரத்திலேயே நின்றார்கள். உள்ளே கால் வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

"அம்மா எங்கப்பா?"

நடந்தேன். வெறும் மண். ஓரிடத்தில் நின்றேன்.

"இங்க."

"நிச்சயமா இங்கதானா?"

"ஆமா."

அவள் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை மண்ணில் வைத்துக்கொண்டாள். பிறகு அள்ளிச் சேலையில் முடிந்தாள். அவள் அழுதாள்.

மச்சான் மெதுவாக வந்தார். "வள்ளி இங்ஙனயா? அப்பன்னா எங்க அய்யா அந்தா, அவ கால்மாட்டுல." அங்கே போய் அள்ளினார்.

அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். "அவுகளுக்கு எடப்பக்கம் எங்க அண்ணன்." பிறகு ஒரு அம்மா. "அப்ப எம்மக இங்ஙன." ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். எல்லோரும் என்னை ஒரு முறை பார்த்துக்கொண்டு, என்னிலிருந்து கணக்குப் போட்டுத் தங்கள் ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

"சர்வேயர் நிக்கிற எடம்டா, தப்பாது," என்றது ஒரு குரல்.

கடைசி ஆள் அள்ளி முடிக்கும்வரை நான் அசையவில்லை. நகர்ந்தால் எல்லோருக்கும் இடம் தவறிவிடும்.